கன்னேரிமுக்கில் ஒரு முன்னோடி மனை

வரலாற்றுச் சின்னம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவன கோட்டைகளும் கோபுரங்களும் அரண்மனைகளுமே ஆகும். புனே நகரில் வாழும் தமிழராகிய நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் சனிவார் வாடாவிற்கும் சிங்ககட் மலைக்கும் அழைத்துச் சென்று காட்டுகிறோம். முதன்முதலாக ஓரிடத்திற்கு வந்து, கூரை வேய்ந்து, பாத்தி கட்டி, அந்நிலம் அறியாத பயிரொன்றை அதில் ஊன்றிப் பார்த்த ஒருவரின் வீட்டை அவ்வரிசையில் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை. அமெரிக்க நாட்டில் அவ்வழக்கம் உண்டு. இருநூறு ஆண்டுகூட நிரம்பாத பண்ணைவீட்டை ஊரார் கூடிச் சின்னமாக அறிவித்து, வாயிலில் பலகை வைத்துக் காத்து வருவதை அங்குப் பல சிற்றூர்களில் காணலாம். 1966இல் அந்நாடு இயற்றிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பெருந்துணை புரிந்தது. சட்டத்திற்கு நம் நாட்டிலும் பஞ்சமில்லை. நூறாண்டு நிரம்பிய கட்டடங்களைக் காப்பதற்கு 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வழி செய்கிறது. தமிழ்நாட்டிற்கெனத் தனிச்சட்டம் 1966இல் வந்தது. மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. இத்தனை இருந்தும், குடியானவர் வீடும் பண்ணைமனையும் அச்சட்டங்களின் கண்ணில் படுவது அரிதாகவே இருக்கின்றது.

நாம் குடியிருக்கும் விமான் நகரையே எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள லோகேகாவ் வானூர்தித் தளம் 1939இல் பிரிட்டிஷ் வான்படைக்கென அமைந்தது. அதன் பக்கத்தே பின்னாளில் எழுந்த குடியிருப்பாதலின் வானூர்தியின் பெயரே ஊரின் பெயராயிற்று. நம் அடுக்குமாடிகளின் அடித்தளத்தின்கீழ் எவருடைய கம்பங்கொல்லை கிடந்தது, எந்தக் கிணற்றில் கவலை இறைத்தார்கள், எந்த மேட்டில் களம் இருந்தது என்று கேட்டால் நம்மில் விடை கூற வல்லார் இலர். சாத்பாரா என்று மராத்தியர் வழங்கும் நிலப்பதிவுத் தாள்களில் பெயர்கள் இருக்கலாம். கண்ணால் காண ஒரு சுவரும் இல்லை. இக்குறை நெஞ்சில் உறுத்தும்போதெல்லாம் நீலகிரியிலே கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கு என்னும் சிற்றூரில் நிற்கும் ஒரு வீடு என் நினைவுக்கு வருவதுண்டு. கொங்கு நாட்டினராகிய அன்பர்கள் அதனை அறிந்திருக்கக்கூடும். பெத்தகல் பங்களா என்பது அதன் பெயர். நீலமலையில் ஐரோப்பியர் ஒருவர் கட்டிய முதல் வீடு அது என்பர். கட்டியவர் அந்நாள் கோயமுத்தூர் மாவட்டக் கலெக்டரான ஜான் சல்லிவன்.

அவ்வீடு எழுந்த சூழலைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயமுத்தூரும் அதனோடு நீலமலையும் கும்பினியாரின் ஆட்சிக்கு உட்பட்டன. ஆயினும் மலைமேல் என்ன இருக்கின்றது என்பதை அவர்கள் நெடுநாள் அறியாதிருந்தனர். 1812இல் நில அளவைத் துறையைச் சேர்ந்த வில்லியம் கீஸ் என்பாரும் மக்மாகன் என்னும் உதவியாளரும் தணாயக்கன்கோட்டை வழியாக மலையேறி ஓர் அறிக்கை எழுதினர். அவ்வறிக்கை எவர் கவனத்தையும் ஈர்க்காது உறங்கியது. தணாயக்கன்கோட்டையோ பின்னாளில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பில் மூழ்கிப் போயிற்று. நீர் வற்றும் கோடைகளில் அங்குள்ள பழங்கோயில் தலைகாட்டும்போது மக்கள் திரண்டு சென்று பார்க்கின்றனர். 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரு துணை அலுவலர்கள் மலையேறித் திரும்பி, ஐரோப்பாவை ஒத்த குளிர்நிலம் ஒன்று அங்கு உண்டென்று கூறினர். அதனைக் கேட்டே சல்லிவன் 1819 சனவரியில் தாமே புறப்பட்டார். அவ்வாண்டிலேயே புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு நாட்டுத் தாவர நூலறிஞர் லெஷனால் என்பவரும் அவருடன் மலைக்கு வந்தார். உடல்நலம் குன்றி வந்த அவர் மலைக்காற்றால் தேறினார் என்ற செய்தி, நீலகிரியின் புகழ் பரவுவதற்கு ஒரு காரணமாயிற்று. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், திம்பட்டிக்கும் கன்னேரிமுக்கிற்கும் இடைப்பட்ட பகுதியில் கலெக்டரின் மனை எழுந்தது. சிறுமுகையிலிருந்து மலைக்கு ஏறும் பாதை 1820 தொடங்கி மூன்று ஆண்டுகளில் மக்பர்சன் என்னும் படை அலுவலரின் மேற்பார்வையில் வெட்டப்பட்டது. அப்பாதையில் உழைத்தவர்களுள் சிறைக்கைதிகள் பலர்; அவர்களுடைய பெயர்களை எந்தப் பலகையும் தாங்கி நிற்கவில்லை.

இனி, அம்மனையைப் பண்ணைமனை என்று யான் கூறுவதற்குக் காரணம் உண்டு. சல்லிவன் அங்குக் கோடையைக் கழிக்க மட்டும் வந்தவர் அல்லர். அவருடைய நாட்டமெல்லாம் மண்ணின்மீதே இருந்தது. இங்கிலாந்திலிருந்து விதைகளைத் தருவித்தார். 1821இல் ஜான்ஸ்டன் என்னும் தோட்டக்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு முதலிய காய்கறிகளும், ஆப்பிள், ஸ்ட்ராபெரி முதலிய பழவகைகளும், ஐரோப்பியக் கோதுமையும் பார்லியும் அம்மலைமண்ணில் சோதித்துப் பார்க்கப்பட்டன. இன்று புனேயில் நாம் சந்தைக்குச் சென்றால் ஊட்டிக் காரட் என்று கூவி விற்பதைக் கேட்பது அரிது. ஆனால் சென்னையிலும் கோவையிலும் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் மலைக்காய்கறி இல்லாத சமையலறையை எண்ணிப்பார்க்க இயலுமா? அச்செல்வத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று இவ்வீட்டைச் சுற்றியிருந்த பாத்திகளே. படுகர் குடியானவர்கள் இப்புதுப் பயிர்களை விரைவில் கைக்கொண்டனர். சாமையும் ராகியும் விளைந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு வேரூன்றியது. அதன் விளைவு முற்றிலும் நன்மையே என்றும் சொல்வதற்கில்லை. உருளைக்கிழங்கையே திரும்பத் திரும்பப் பயிரிட்டு வந்த அம்மண்ணில் 1961இல் பொன்னிற நூற்புழு என்னும் கொள்ளைநோய் கண்டறியப்பட்டது. அதனை அடக்குவதற்கு உதகையை அடுத்த முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் பல்லாண்டு பாடுபட வேண்டியதாயிற்று.

கன்னேரிமுக்கில் தனியார் ஆர்வமாகத் தொடங்கிய இவ்வேளாண்மைச் சோதனை, பின்னர் அரசினரின் கைக்கும் சென்றது. சென்னைக் கவர்னர் லஷிங்டன் 1830இல் கேத்தியில் அரசினர் சோதனைப் பண்ணை ஒன்றை நிறுவினார். ஆறே ஆண்டுகளில், 1836இல், அது மூடப்பட்டது. அரசாங்கப் பண்ணைகள் அவ்வாறு மூடப்படுவது புதிதன்று என்று என் அலுவலக நண்பர்கள் நகைப்பர். ஆயின் அப்பண்ணை மூடப்படுமுன் 1835இல் கல்கத்தாவிலிருந்து வந்த சில தேயிலைச் செடிகள் அங்கு நடப்பட்டிருந்தன. பண்ணைவீட்டைப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் வாடகைக்கு எடுத்திருந்த காலத்தில், பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர் அச்செடிகள் பேணுவாரற்றுக் கிடப்பதைக் கண்டார். வேண்டுமளவுக்கு மேல் ஆழமாக மண்ணில் புதைத்திருந்ததே அவை நலிந்ததற்குக் காரணம் என்று உணர்ந்து, மண்ணை நீக்குவித்தார், செடிகள் தழைத்தன. நீலகிரித் தேயிலையின் வரலாற்றில் இது முதல் ஏடு. அடுத்து அவ்விடம் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் மாளிகையாகி, 1840களில் கசமேஜர் என்னும் அலுவலரின் கைக்கு மாறி, அவர் வழியாகப் பாசல் மிஷனைச் சேர்ந்தது. ஒரு பண்ணைவீடு இருபதாண்டுக்குள் எத்தனை கைகள் மாறியது பாருங்கள்! தேயிலையை இன்று எண்ணற்ற குடும்பங்கள் நம்பி வாழ்கின்றன. அது தழைத்த முதல் பாத்தியைத் தேடிச் செல்வார் எத்தனை பேர்?

இவ்விடத்தில் ஒரு வினா எழும். முதல் வீடு, முதல் பண்ணை, முதலில் கண்டவர் என்றெல்லாம் சொல்கிறோமே, சல்லிவனுக்கு முன் அம்மலையில் எவரும் இல்லையா? இருந்தனர், பன்னூறாண்டுகளாக இருந்தனர். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோதவரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாக 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகின்றது. 1603இல் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபெனிசியோ என்னும் ஏசுசபைப் பாதிரியார் மலையேறித் தோதவரைக் கண்டு எழுதியிருக்கின்றார். கோத்தகிரி என்னும் பெயரே கோத்தர் கேரி என்பதன் திரிபு. மண்ணை வனைந்து, இரும்பை உருக்கி, இசைக்கருவி முழக்கி வாழ்ந்த கோத்தரின் தெருவே பின்னர் நகரத்தின் பெயராயிற்று. எருமை மேய்த்த தோதவர், உழுத படுகர், காடுபடு பொருள் திரட்டிய குறும்பர், இருளர் என அம்மலை ஒருவருக்கொருவர் பண்டமாற்றுச் செய்து வாழும் மக்களால் நிறைந்திருந்தது. குறிஞ்சியையும் முல்லையையும் திணையாக வகுத்த மொழிக்குரிய நாம் மலையை ஆளற்ற வெற்றிடமாக எண்ணுதல் தகுமா?

கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் எனக்கொன்று தோன்றுகிறது. ஒன்றை முதலில் கண்டவர் என்று வரலாறு கூறுபவர் பெரும்பாலும் அதனை முதலில் எழுதி மேலிடத்திற்கு அனுப்பியவரே ஆவர். கீஸ் எழுதினார், மேலிடம் படிக்கவில்லை, ஆதலின் அவர் பெயர் மறைந்தது. சல்லிவன் எழுதினார், விடாது எழுதினார், சாலை வேண்டும், மருத்துவர் வேண்டும், நோயுற்ற படைவீரர்க்கு இல்லம் வேண்டும் என்று சென்னைக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக வரைந்தார். அவருடைய முதன்மை அக்கடிதங்களில் இருக்கின்றது. அக்கடிதங்களுக்கு வாழ்வு தந்த இடம் என்பதனாலேயே கன்னேரிமுக்கு மனை மதிப்புடையதாகின்றது. அதனை அங்ஙனம் கொண்டால், மலையின் பழங்குடிகளுக்கு இழுக்கு நேராமலே அவ்வீட்டைப் போற்ற முடியும்.

சல்லிவனைப் பற்றி நடுநிலையோடு நோக்க விழைவார்க்கு இரு பக்கமும் சான்றுகள் உள்ளன. தோதவரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்னும் விலைக்கு உதகையில் நிலம் பெற்றவர் அவரே. 1829க்குள் மற்ற ஐரோப்பியர் அனைவரும் வைத்திருந்ததைக் காட்டிலும் மிகுதியான நிலம் அவர் கையில் இருந்தது. மேய்ச்சற் காட்டை விற்பது என்றால் என்ன என்பதே தோதவர்க்குப் புதிய கருத்து. ஒரு ரூபாய் அவர்களுக்கு நியாயமான விலையா என்று இன்று நாம் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதே சல்லிவன்தான், மலைநிலம் அரசுக்குரியது என்று கவர்னர் லஷிங்டன் சாதித்தபோது, அது தோதவரின் உடைமை, அவர்களுக்கு விலை கொடாமல் ஒரு சாண் நிலமும் எடுத்தல் முறையன்று என்று வாதாடினார். தன் நலத்திற்காகவே அவ்வாறு வாதிட்டார் என்பாரும் உளர். அவ்வாறாயினும், அரசு ஏடுகளில் தோதவரின் உரிமை பதிவாயிற்றே! பிற்காலத்தில் அவர் சென்னை வருவாய் வாரியத்தின் தலைவராக உயர்ந்தார். ஆட்சிப் பொறுப்புகளை இந்தியரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியதோடு, ஆங்கில ஆட்சி இந்நாட்டின் வளத்தை உறிஞ்சி இங்கிலாந்தில் கொண்டுபோய்ப் பிழியும் பஞ்சு போன்றது என்னும் பொருள்படவும் அவர் கூறியிருக்கின்றார். தாதாபாய் நவுரோஜி செல்வ வடிகால் பற்றிப் பேசுவதற்கு முன்பே கும்பினியின் உயர் அலுவலர் ஒருவர் இவ்வாறு கூறியது நம் கவனத்திற்குரியது.

அவர் கன்னேரிமுக்கிலேயே தங்கிவிடவில்லை. உதகையின் பள்ளத்தாக்கைக் கண்டபின் மனம் அங்குச் சென்றது. 1822இல் அங்குக் கல்வீடு ஒன்றைத் தொடங்கினார். மலைமக்கள் கல் பங்களா என்றே அதனை அழைத்தனர். 1823 முதல் 1825 வரை ஏரியை வெட்டுவித்தார். கல்வீடு பின்னர் சென்னை அரசின் கோடைக்காலத் தலைமைச் செயலகத்தோடு இணைந்தது. இன்று உதகை அரசு கலைக்கல்லூரியின் ஒரு பகுதியாக உள்ளது. கல்லூரி முதல்வரின் அலுவலகம் அங்கு இயங்கி வந்திருக்கிறது. ஆள் புழங்கும் வீட்டிற்கு அழிவில்லை என்பதற்கு அது சான்று. அவருடைய மனைவியும் மகளும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்து இடுகாட்டில் உறங்குகின்றனர். அத்தேவாலயத்தின் பெரும் உத்தரங்கள் சீரங்கப்பட்டணத்தில் இடிக்கப்பட்ட திப்புவின் லால்பாக் அரண்மனையிலிருந்து கொணரப்பட்டவை; ஒரு மன்னனின் மனை அழிந்தே அத்திருக்கோயிலுக்குக் கூரையாயிற்று. சல்லிவன் 1841இல் இந்தியாவை விட்டகன்று 1855இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

கன்னேரிமுக்கு மனைக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. ஊர் உதகைக்குப் பெயர்ந்ததும் அது மறக்கப்பட்டது. நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தது. 2000ஆம் ஆண்டிற்குப் பிந்திய முதற்சில ஆண்டுகளில் மாவட்ட நிருவாகம் அக்கறை கொண்டு அதனைப் புதுப்பித்துச் சல்லிவன் நினைவகமாக ஆக்கியது. நீலகிரி ஆவண மையத்தின் முயற்சியால் மலையின் பழம்படங்களும் ஆவணங்களும் அங்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மறைந்து கிடந்த அவருடைய கல்லறை இங்கிலாந்தில் ஸ்லவ் நகரை அடுத்த அப்டன் தேவாலயத்தில் 2009இல் கண்டறியப்பட்டதும் அவ்வார்வத்தின் பயனே. 2022இல், உதகையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, அந்நகரில் அவருக்கு மார்பளவுச் சிலையும் திறக்கப்பட்டது.

வெள்ளைக்காரக் கலெக்டரின் வீட்டிற்கு நம் வரிப்பணம் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே இருப்பர். அவர்கள் சினத்தை யான் குறை கூறேன். சிலையைப் பற்றி அவர்கள் கேட்டால் எனக்கு மறுமொழி இல்லை. சிலை ஒருவரைப் புகழ்வதற்கென்றே எழுப்பப்படுவது. வீடு அத்தகையதன்று. நிலம் எப்படிக் கை மாறிற்று, பயிர் எப்படி மாறிற்று, எவர் ஆதாயம் பெற்றார், எவர் மேய்ச்சலை இழந்தார் என்னும் கேள்விகளை எழுப்புவதற்கு அவ்வீட்டின் திண்ணையைவிடத் தக்க இடம் வேறில்லை. வீடு மறைந்தால் கேள்வியும் உடன் மறையும். தோதவரின் புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டு அவை குறுகிப் போன கதையை, தேயிலைத் தோட்டத்தின் நடுவே நின்று எவர் நம்புவர்?

புனேயிலேயே இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றைக் கண்டோம். சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிய பிடே வாடா, புதவார் பேட்டையில் கடைகளால் சூழப்பட்டு, வழக்கில் சிக்கி, ஆண்டுக்காண்டு இடிந்து வந்தது. உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கு முடிந்தபின் 2023 டிசம்பரில், புதிய நினைவகம் கட்டுவதற்காக, எஞ்சிய பழங்கட்டடமும் இடித்து அகற்றப்பட்டது. நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பெண் குழந்தைகள் மிதித்த படியை இனி எந்தச் சிற்பியும் செய்து தர இயலாது. நம் வீடுகளுக்கு அண்மையில் நகர் சாலையில் உள்ள ஆகாகான் அரண்மனையின் கதை வேறு. பஞ்சத்தால் வாடிய சுற்றூர் மக்களுக்கு வேலை தருவதற்காக 1892இல் கட்டப்பட்ட அம்மாளிகை, மகாதேவ தேசாயும் கஸ்தூரிபாயும் உயிர்நீத்த இடமாகி, 1969இல் நாட்டிற்கு அளிக்கப்பட்டது; ஆதலின் நிலைத்திருக்கிறது. காந்தியடிகள் அங்குச் சிறையிருந்திராவிடில் அதன் நிலை யாதாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கன்னேரிமுக்கு மனையைக் காத்தல் என்பது கூரையைச் செப்பனிடுவதோடு முடிவதன்று. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிச் சரிவில் கடுமையாகப் பொழியும். ஐப்பசிக்கு முன் ஆண்டுதோறும் கூரையையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், அதற்கென ஒதுக்கிய சிறு தொகையும் வேண்டும். திறப்பு விழாவிற்குக் கிடைக்கும் பணம் பராமரிப்பிற்குக் கிடைப்பதில்லை என்பதை அலுவலகத்தில் இருப்போர் நன்கறிவர். அடுத்து, வீட்டைச் சுற்றிய நிலம் கட்டடங்களால் அடைபட்டுப் போகாமல் காத்தல் வேண்டும். பாத்தியில்லாத பண்ணைவீடு வெறும் வீடே. ஒரு புறம் சல்லிவன் கொணர்ந்த உருளைக்கிழங்கும், மறுபுறம் அவர் வருமுன் படுகர் விளைவித்த சாமையும் ராகியும் பயிராக்கப்பட்டால், பள்ளிச் சிறுவர் ஒரு நாழிகையில் கற்றுக்கொள்வது நூல்களில் கிடைக்காது. விளக்கப் பலகைகள் தமிழில் இருத்தல் வேண்டும். படுக மொழியிலும் இருந்தால் மேலும் சிறப்பு. ரூபாய் ஒன்றுக்கு விற்ற தோதவர் நிலத்தின் கதையும், சாலை வெட்டிய கைதிகளின் கதையும் கலெக்டரின் படத்திற்கு அருகிலேயே எழுதப்படல் வேண்டும்.

கோடை விடுமுறையில் நம்மவர் பலர் கோவைக்குச் சென்று அங்கிருந்து உதகைக்கு ஏறுவது வழக்கம். மேட்டுப்பாளையத்தில் சாலை இரண்டாகப் பிரியும். எல்லாரும் குன்னூர்ச் சாலையில் செல்வர். வலப்புறம் கோத்தகிரிக்கு ஏறும் சாலையில் நெரிசல் குறைவு. கோத்தகிரியிலிருந்து கன்னேரிமுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வழி கேட்டால் ஊரார் காட்டுவர்.